அசாம் தேயிலைத் தோட்டத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஜாக் கில்பி

கேள்வி இது: “போருக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றிப் படித்தால் ஒன்று வீரக்கதையாக இருக்கிறது, இல்லையென்றால் சோகக்கதையாக இருக்கிறது. திரும்பி வந்து, படித்து, இன்ஜினியராகி, பெண்டாட்டி பிள்ளை என்று வாழ்ந்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?”

என்னைக் கேட்டால் ஜாக் கில்பியைச் சொல்வேன். இந்தப் பதிலை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் போனுக்குள் இருக்கிறதே சிப், அதற்கு மூலமான ஒருங்கிணைந்த சுற்றை, அதாவது ஐசியை, முதன்முதலில் செய்து இயக்கிக் காட்டியவர் அவர். 2000-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. மற்றப் பாதியை அல்ஃபெரோவ், குரோமர் என்ற இருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கில்பி துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டவர் இல்லை. ராணுவத்தில் அவருக்குக் கிடைத்தது ரேடியோ ரிப்பேர் வேலை. ‘இவரையெல்லாம் போர் வீரர் என்று சொல்லலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சுடுகிறவன் ஒருவன் என்றால் அவனுக்குப் பின்னால் சமைக்க, வண்டி ஓட்ட, ரேடியோவைச் சரிசெய்ய எத்தனையோ பேர் வேண்டும். அவர்களும் போருக்குப் போனவர்கள்தான். அதோடு, கில்பியின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த ரிப்பேர் பட்டறைதான் சாவி என்பது என் கட்சி. அவரை விஞ்ஞானி என்று சொல்வார்கள். அவரோ கடைசிவரை தன்னை இன்ஜினியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். எனக்கு அவர் உள்ளூர ஒரு ரிப்பேர்காரர். ரிப்பேர் பார்க்கிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், ‘இது எங்கே கழன்றுகொள்ளும்?’ என்றுதான் முதலில் பார்ப்பார்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். கில்பி பிறந்தது 1923 நவம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில். வளர்ந்தது கான்சாஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற ஊரில். அப்பா ஒரு சின்ன மின்சார நிறுவனத்தை நடத்தினார். வாடிக்கையாளர்கள் மேற்குக் கான்சாஸின் பொட்டல்வெளி முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். கில்பி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஒரு கடுமையான பனிப்புயல். மின்கம்பியும் போச்சு, டெலிபோன் கம்பியும் போச்சு. எந்த ஊரில் கரண்ட் இல்லை என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லாத நிலையில், அப்பா ஹாம் ரேடியோக்காரர்களின், அதாவது பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்பவர்களின், உதவியோடு வேலையை நடத்தினார். கம்பி இல்லாமல் ஒரு குரல் நூறு மைல் தாண்டி வந்து ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவருகிறது என்பதைப் பையன் பக்கத்திலிருந்து பார்த்தான். எலக்ட்ரானிக்ஸ் மேல் தனக்கு ஆசை வந்தது அப்போதுதான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்தது, எங்கே போனாலும் சொல்லப்படும் அந்த மூன்று மார்க் கதை. அமெரிக்காவின் பேர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் நுழைவுத் தேர்வில் 500 தேவை, அவர் எடுத்தது 497. கிடைக்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சேர்ந்து நான்கு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கொஞ்ச காலத்தில் கில்பியும் ராணுவத்துக்குப் போனார்.

அங்கிருந்து அவர் வந்து சேர்ந்தது வடகிழக்கு இந்தியாவில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்த ராணுவ முகாமுக்கு. அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ், அதாவது இன்றைய சிஐஏவுக்கு முன்னோடி, பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்பக்கமாக ஆட்களை இறக்கிக் கொண்டிருந்தது. இதற்கென்றே இருந்த 101-ஆம் பிரிவின் தலைமையகம் அசாமின் நசிராவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே. காட்டுக்குள் இருந்தவர்கள் கச்சின் இன மக்களோடு சேர்ந்து கெரில்லாப் போர் நடத்தினார்கள். ஜப்பானியர் எங்கே நகர்கிறார்கள், பாலம் எங்கே இருக்கிறது, சாப்பாட்டு மூட்டையை விமானம் எங்கே போட வேண்டும், எல்லாம் ரேடியோ வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்து ரேடியோவைக் கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். எல்லாம் வால்வு செட். வால்வு என்றால் கண்ணாடிக் குமிழ், உள்ளே சூடேறும் இழை. கீழே விழுந்தால் உடையும், ஈரம் பட்டால் மற்ற பாகங்களும் கெடும், பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். இதைத் தூக்கிக்கொண்டு மழைக்காட்டில், மலையேறி, எதிரி கண்ணில் படாமல் நடக்க வேண்டும். எடை ஒவ்வொரு கிலோ கூடும்போதும் ஒரு மனிதனின் முதுகில் அது விழுகிறது. ராணுவம் கொடுத்த செட் இதற்கெல்லாம் ஒத்துவராததால் பட்டறைக்காரர்கள் தாங்களாகவே கைக்கு அடக்கமான செட்டுகளைக் கட்டினார்கள். அதற்கு உதிரிபாகம் வாங்கக் கல்கத்தாவின் கள்ளச் சந்தைக்குக் கில்பி அனுப்பப்பட்டதாகச் சொல்வார்கள். இருபது இருபத்தோரு வயதுப் பையன், ஆறரை அடி உயரம், கல்கத்தாக் கடைத்தெருவில் கண்டென்சருக்குப் பேரம் பேசுகிற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவரோ அதிகம் பேசாத ஆள் வேறு.

போர் முடிந்து இல்லினாய்க்கே திரும்பிப் படிப்பை முடித்தார். 1944-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த சட்டம் போர் வீரர்களின் படிப்புச் செலவை ஏற்றதால், இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கல்லூரிகளுக்குள் நுழைந்த காலம் அது. ராணுவச் சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு படித்தவர்கள் என்று கல்லூரிகளின் முகமே மாறிப்போனது. கில்பிக்கு 1947-இல் பட்டம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், வால்வு பற்றி அவர் ஆசை ஆசையாகப் படித்து முடித்த அடுத்த வருஷமே பெல் ஆய்வகம் டிரான்சிஸ்டரை, அதாவது வால்வின் வேலையைக் கண்ணாடிக் குமிழ் இல்லாமல் சின்னத் துண்டிலேயே செய்யும் பாகத்தை, உலகத்துக்கு அறிவித்தது. படித்தது பழசாகிவிட்டது.

முதல் வேலை மில்வாக்கி நகரில், சென்ட்ராலேப் என்ற நிறுவனத்தில். ரேடியோ, டிவி, காதுகேட்புக் கருவி ஆகியவற்றுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. 1948-இல் கல்யாணம். பகலில் வேலை, சாயங்காலம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, 1950-இல் முதுகலைப் பட்டம். வேலையும் படிப்பும் சேர்ந்து கஷ்டம்தான், ஆனால் முடியும், செய்யத் தகுந்ததும்கூட என்கிற மாதிரி இரண்டே வரியில் இதை எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அந்த இரண்டு வரிக்குள், புதிதாகக் கல்யாணமான ஒருவர் ராத்திரி வீடு திரும்பும் நேரமும் அடுப்பில் ஆறிப்போன சாப்பாடும் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

கில்பி வரலாற்றில் எல்லோரும் தாண்டிக் குதித்து ஓடும் பகுதி இந்த மில்வாக்கிதான். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. சென்ட்ராலேப் ஒரு பாகத்துக்கு ஒரு பைசா மிச்சம் பிடித்தால் பிழைக்கும், இல்லையென்றால் போட்டியில் தோற்கும் என்ற வகைத் தொழில். பீங்கான் தகட்டின் மேல், சட்டைக்குப் பிரிண்ட் போடுவது போல, மையை அச்சடித்து ரெசிஸ்டரும் (மின்சாரத்தை அளவாகத் தடுக்கும் பாகம்) இணைப்புகளும் செய்வார்கள். அச்சு அச்சாக மதிப்பு கொஞ்சம் கூடும், குறையும். மெல்லிய மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டிச் சுரண்டித் துல்லியமான அளவுக்குக் கொண்டுவருகிற வழியைக் கில்பி செய்தார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குறைந்த செலவில் நிறையச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1952-இல் டிரான்சிஸ்டர் உரிமத்துக்காக நிறுவனம் 25,000 டாலர் கட்டி, அவரைப் பெல் ஆய்வகத்தின் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்து காதுகேட்புக் கருவிக்கு டிரான்சிஸ்டர் பெருக்கி செய்தார்கள். எதையும் சின்னதாக்கினால் என்னவெல்லாம் முடியும் என்ற எண்ணம் அங்கே அவருக்குள் ஊறிப்போனது. அந்தச் சின்ன நிறுவனத்தில் அதற்கு மேல் செய்யப் பணமில்லை.

1958 மே மாதம், மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு டெக்சாஸின் டல்லாஸுக்குக் குடிபோனார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வேலை. பாகங்களைச் சின்னதாக்கும் ஆராய்ச்சியிலேயே ஏறக்குறைய முழுநேரமும் அவர் ஈடுபட ஒத்துக்கொண்ட ஒரே நிறுவனம் அதுதான் என்பதே காரணம்.

அப்போது துறையே ஒரு முட்டுச்சந்தில் நின்றுகொண்டிருந்தது. டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, காகிதத்தில் என்ன பெரிய சுற்றையும் வரையலாம். ஆனால் செய்ய? ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் மூன்று கால், ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இரண்டு கால், எல்லாவற்றையும் ஆட்கள் உட்கார்ந்து சால்டர் செய்ய, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்ட, வேண்டும். அந்தக் காலக் கணினி ஒன்றில் டிரான்சிஸ்டர் மட்டும் 25,000 இருந்தது. லட்சக்கணக்கில் இணைப்பு. அதில் ஒன்று டிரை சால்டர் என்றால் போதும். ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பார்வைக்கு ஒட்டினது மாதிரியே இருக்கும். தட்டினால் வேலை செய்யும், கையை எடுத்தால் நின்றுவிடும். லட்சத்தில் எது அது என்று தேடுங்கள் பார்க்கலாம். நல்ல வேளையாக நான் தேட வேண்டியிருந்ததெல்லாம் நூற்றுக்கு உட்பட்டதில்தான்.

அமெரிக்க ராணுவம் இதற்குப் பணம் கொட்டி ஒரு வழியை ஆதரித்தது. எல்லாப் பாகங்களையும் ஒரே அளவுச் சின்னத் தகடுகளாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. மைக்ரோ மாட்யூல் என்று பெயர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதில் சேர்ந்திருந்தது. கில்பிக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை. பாகங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறதே, அடுக்கினால் மட்டும் பிரச்சினை தீருமா என்பது அவர் கேள்வி.

ஜூலை மாதம் வந்தது. அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கோடை விடுமுறை விடும் வழக்கம். புதிதாகச் சேர்ந்தவருக்கு விடுமுறை கிடையாது. காலியான ஆய்வகத்தில் கிட்டத்தட்டத் தனியாள். விடுமுறை முடிந்து மேலதிகாரிகள் திரும்பி வருவதற்குள் உருப்படியாக ஒரு யோசனை சொல்லாவிட்டால் தன்னை அந்த அடுக்கு வேலையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு.

அவர் முதலில் செய்தது கணக்கு. தானே ஒரு வடிவமைப்பை யோசித்து, அதை அந்தத் தொழிற்சாலையில் செய்தால் என்ன செலவாகும் என்று போட்டுப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. சோர்ந்துபோன அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. குறைக்கடத்தி (டிரான்சிஸ்டர் செய்யப் பயன்படும் சிலிக்கான், ஜெர்மேனியம் போன்ற பொருள்) செய்யும் கம்பெனி மலிவாகச் செய்யக்கூடிய ஒரே பொருள் குறைக்கடத்திதான். அப்படியானால் ரெசிஸ்டர், கண்டென்சர் எல்லாவற்றையும் அதிலேயே செய்தால் என்ன?

இன்று கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அன்றைக்குக் கார்பனில் காசுக்கு ஒன்று என்று கிடைத்த ரெசிஸ்டரைப் போய், தங்கம் மாதிரி விலை விற்ற சிலிக்கானில் செய்வது கிறுக்குத்தனம். செய்தாலும் சுமாரான ரெசிஸ்டராகத்தான் வரும். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் நஷ்டம், ஒரே துண்டில் எல்லாம் இருந்தால் சால்டரே வேண்டாம், லாபம். மில்வாக்கியில் பைசா எண்ணிப் பழகாத ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம். 1958 ஜூலை 24 அன்று, எந்தெந்தப் பாகங்களை ஒரே துண்டில் செய்யலாம் என்று தன் ஆய்வக நோட்டில் பட்டியல் போட்டு வைத்தார்.

விடுமுறை முடிந்து வந்த மேலதிகாரி வில்லிஸ் ஆட்காக், ஆர்வத்தோடும் சந்தேகத்தோடும், முதலில் எல்லாப் பாகமும் குறைக்கடத்தியில் தனித்தனியாகவாவது ஓடுகிறதா என்று காட்டச் சொன்னார். அது ஓடியது. அடுத்து, செப்டம்பர் 12. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய ஜெர்மேனியத் துண்டு, நீளம் அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மேலே முடி போன்ற தங்கக் கம்பிகள் இப்படியும் அப்படியும் வளைந்து கிடந்தன. அழகு என்று சொல்ல முடியாது. மார்க் ஷெப்பர்ட் உள்ளிட்ட பெரிய அதிகாரிகள் சுற்றி நின்றார்கள். கில்பி ஸ்விட்சைப் போட்டார். ஆஸிலோஸ்கோப் திரையில் அலை ஒன்று நெளிந்தது. நேர் மின்சாரத்தைக் கொடுத்தால் அலையாக்கித் தரும் சுற்று அது. ஒரே துண்டுக்குள் அது நடந்துவிட்டது.

அந்தத் தங்கக் கம்பிகளே பின்னால் அவருக்கு வினையாக வந்தன. 1959 பிப்ரவரியில் அவசர அவசரமாகக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது படத்தில் அதே கம்பிகள். அதே ஆண்டு ஜூலையில், கலிபோர்னியாவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் நாய்ஸ், கம்பியே இல்லாமல் சிலிக்கான் ஆக்சைடின் மேல் உலோகத்தை ஒட்டப் படியவைத்து இணைக்கும் வழியோடு விண்ணப்பித்தார். தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்யத் தோதானது அதுதான். ஒளிக்காமல் சொல்ல வேண்டியது, இன்றைய சிப் நாய்ஸின் வழியில் வந்தது. இருவருக்கும் இடையே பத்தாண்டு வழக்கு. கில்பியின் விண்ணப்பத்தில் தங்கத்தைப் ‘படியவைப்பது’ என்று இருந்த சொல், ‘ஒட்டியிருப்பது’ என்ற பொருளைத் தருமா என்ற அளவுக்கு விவாதம் போனது. 1969-இல் நாய்ஸ் பக்கம் தீர்ப்பு. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்பே இரண்டு கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி, ஒருவர் உரிமத்தை மற்றவர் பயன்படுத்தலாம் என்று முடித்துக்கொண்டுவிட்டன. தனிப்பட்ட முறையில் இருவரும் ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசியதே இல்லை. 1990-இல் நாய்ஸ் காலமானார். பத்து ஆண்டு கழித்து நோபல் கிடைத்தபோது, அவர் இருந்திருந்தால் சேர்ந்து வாங்கியிருப்போம் என்றுதான் கில்பி சொன்னார்.

நாய்ஸ் 1968-இல் இன்டெலைத் தொடங்கினார், பெரும் செல்வந்தரானார். கில்பி கம்பெனி எதுவும் தொடங்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வைத்திருந்த மனிதர், டல்லாஸில் வீடு, ஆபீஸ் என்று ஒரே ஊரில் காலத்தைக் கழித்தார். ஓய்வு நேரத்தில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் எடுப்பார். இதை எளிமை என்று புகழவும் மாட்டேன், பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லவும் மாட்டேன். கம்பெனி நடத்துவதில் அவருக்கு ருசி இல்லை, கழன்றுபோனதைக் கண்டுபிடிப்பதில் ருசி இருந்தது.

அடுத்து கால்குலேட்டர். நிறுவனத் தலைவர் பாட்ரிக் ஹாகர்ட்டிக்கு, சிப்பை ராணுவம் மட்டும் வாங்கினால் போதாது, சாதாரண மனிதர் வாங்கும் சாமான் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவில் கணக்கு இயந்திரம் செய்யச் சொன்னார். கில்பி, ஜெர்ரி மெர்ரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் மூவரும் இறங்கினார்கள். கணக்குச் சுற்றுகளைப் போட்டவர் மெர்ரிமேன். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். 1967-இல் தயாரானது, எடை ஒன்றேகால் கிலோ. எந்தச் சட்டைப்பை தாங்கும் என்று கேட்காதீர்கள். விடையைத் திரையில் காட்டாது, சூட்டில் அச்சாகும் காகித நாடாவில் கொடுக்கும். இன்று பெட்ரோல் பங்க்கில் ரசீது கிழித்துத் தருகிறார்களே, அதே வகை அச்சு. 1970-இல் ஜப்பானின் கேனான் நிறுவனம் இதிலிருந்து பிறந்த மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதே 1970-இல், நாற்பத்தேழு வயதில், நிறுவனத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிட்டார். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அந்த வயதில் இதைச் செய்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு நடந்ததா, எழுதிவைக்கவில்லை. பெரிய கனவாக எடுத்துக்கொண்டது சூரிய மின்சாரம். சின்னச் சின்ன சிலிக்கான் மணிகளைக் கண்ணாடியில் பதித்து, வெயிலில் வரும் மின்சாரத்தால் ஒரு அமிலக் கரைசலைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனைச் சேமித்து வைத்து, ராத்திரி அதிலிருந்து மின்சாரம் எடுப்பது. வீட்டுக்கு வீடு ஒன்று வைக்கலாம் என்று நினைத்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பல ஆண்டு அதில் செலவழித்தது. எண்ணெய் விலை இறங்கியதும் கணக்கு ஒத்துவரவில்லை, மூட்டை கட்டிவிட்டார்கள். கில்பி தோற்ற இடம் இது. பகலில் கிடைப்பதை இரவுக்கு எப்படிச் சேர்த்து வைப்பது என்ற அவர் கேள்வியோடுதான் உலகம் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

1978 முதல் 1984 வரை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இடையில் 1981-இல் மனைவி காலமானார். 1983-இல் நிறுவனத்திலிருந்து ஓய்வு. இரண்டு மகள்கள், ஐந்து பேத்திகள் என்று குடும்பம் பெருகியது.

2000 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து செய்தி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தாறு. சிப் செய்து நாற்பத்திரண்டு ஆண்டுகள். இன்டர்நெட், செல்போன் எல்லாம் உங்களால்தானே என்று கேட்டவர்களுக்கு, நோபல் பரிசு பெற்ற இன்னோர் இயற்பியலாளரான சார்லஸ் டவுன்ஸிடமிருந்து இரவல் வாங்கிய கதை ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவின் பிரம்மாண்டமான ஹூவர் அணையைப் பார்த்துக்கொண்டு நின்ற பீவர் என்ற பிராணி, பக்கத்திலிருந்த முயலிடம், ‘இதை நான் கட்டவில்லை, ஆனால் என் யோசனையை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்’ என்றதாம். பீவர் மரம் கடித்து ஓடையில் அணை கட்டும் பிராணி, அதனால்தான் கதை.

2005 ஜூன் 20 அன்று டல்லாஸிலேயே காலமானார், புற்றுநோய். நோபல் செய்தி வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள் என்று ஒரு முறை கேட்டார்கள். காபி போட்டேன் என்றார்.